கதவுக் கோடு

கரட்டுப்பாளையத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் நூற்றுப் பதினேழு இருந்தன, போர்வெல் வண்டி வைத்திருந்தவர்கள் அதற்கும் மேலே இருந்தார்கள், ஆனால் உள்ளங்கையில் தூக்கி வைத்துப் பார்க்கிற மாதிரி வண்டி செய்கிறவள் அந்த ஊரில் ஒருத்திதான், அவள் கோகிலவாணி. புது லாரி இறக்கினவர்கள் பூஜை முடிந்த கையோடு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள், இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில் அதே லாரியைச் செய்து வாங்கிப்போய் ஆபீஸ் மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள், வண்டி பழசாகிக் கைமாறிப் போன பிறகும் அந்தச் சின்ன வண்டி மட்டும் பெட்டிக்குள் புது மெருகோடு நின்றுகொண்டிருக்கும். அவளுடைய பெயிண்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. வெள்ளி வேலையைப் பற்றித்தான் பேசினார்கள்: முன்னால் இருக்கிற கிரில், பம்பர், முக்கியமாக ஜன்னலைச் சுற்றி ஓடுகிற அந்தப் பளபளப்பான கம்பி. பிரஷ்ஷில் வெள்ளிப் பெயிண்டைத் தொட்டு இழுத்தால் அது ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிக் கிடக்கும் என்று அவள் சொல்வாள். அவள் ஒட்டுவது தகடு. சாக்லேட் சுற்றி வருகிற தாளைவிட மெல்லிசு, பின்பக்கம் பசை. மூச்சு பட்டால் சுருண்டுகொள்ளும். அதை ஜன்னல் விளிம்பின் மேல் போர்த்தி, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் நீவி நீவி அடியில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் எழும்பி வரும்வரை தேய்த்து, புது பிளேடால் விளிம்போடு விளிம்பாக நறுக்கி, மிச்சத்தை உரித்து எடுப்பாள். ஒரு வெட்டுக்கு ஒரு பிளேடு. அதே பிளேடால் இரண்டாவது வெட்டு போட்டதே இல்லை.

அந்த வேலையில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு, அது கதவுக் கோடு. முன்கதவும் பின்கதவும் சேருகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு பள்ளம் ஓடும். தகடு அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது அங்கே நறுக்கி, இரண்டு நுனியையும் பல் குத்துகிற குச்சியால் உள்ளே தள்ளிவிட வேண்டும். சோம்பல்பட்டு ஒரே நீளமாக ஓட்டிவிட்டால் கதவு கதவாக இருக்காது, சுவரில் வரைந்த கதவாகிவிடும். பத்தொன்பது வருஷத்தில் கோகிலவாணி ஒரு கோட்டைக்கூட விட்டவளில்லை.

அவள் தங்கை சுகந்தி, பைபாஸ் ஓரம் எடைமேடையில் சீட்டு அடித்துக் கொடுக்கிற வேலை, மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பத்துக்கு ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து ரோட்டைக் கடந்தபோது, போர்வெல் குழந்தைவேலுவின் கறுப்புக் கார் அவளை அடித்துத் தூக்கிவிட்டுப் போய்விட்டது. பளீரென்று வெயில். அந்த இடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். டீக்கடைப் பொன்னுசாமி டீ ஆற்றிக்கொண்டிருந்தார், டீயைத்தான் பார்த்ததாகச் சொன்னார். பஸ்ஸுக்கு நின்ற ஆறு பேரும் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ் எதிர்த்திசையில் வந்ததாம். இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைப் பார்த்தார். செருப்புக் கடை அம்மாள் செருப்பைப் பார்த்தாள். மறுநாள் காலையில் குழந்தைவேலுவின் டிரைவர் மாரப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று சரணடைந்தான். குழந்தைவேலு முதுகுவலிக்காரர், பத்து வருஷமாக ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்று ஒரு டாக்டர் சீட்டும் கூடவே போயிற்று. அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும், குழந்தைவேலு தன் காரை வேறு ஒருத்தன் கையில் கொடுக்கிறவரில்லை; அவர்தான் ஓட்டுவார், மாரப்பன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பான். அப்படியும் மாரப்பன் உள்ளே போனான், அவன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது, முதலாளிக்காக டிரைவர் உள்ளே போவது அந்த ஊரில் மாமன் சீர் செய்கிற மாதிரி ஒரு முறைமை என்பதால் அதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் குழந்தைவேலுவின் மேனேஜர் நாற்பது போட்டோவோடு கோகிலவாணி வீட்டுக்கு வந்தார்.

"அய்யாவுக்கு ஆவணியில அறுபதாங் கல்யாணமுங்க. மேடையில வெக்கறதுக்கு அய்யா கார் ஒண்ணு செஞ்சு குடுக்கோணும்."

"எந்தக் காருங்க?"

"அந்தக் கார்தானுங்க. கறுப்பு." மேனேஜர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார், "அய்யாவே சொன்னாருங்க. பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒரு வேலை குடுத்த மாதிரியும் இருக்குமல்லோன்னு."

கோகிலவாணி போட்டோக்களை வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று பிற்பாடு ஊர் ஆயிரம் பேசியது. தங்கையைக் கொன்ற சாமானைத் தன் கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு தரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். போட்டோவில் முன்பம்பர் மட்டும் மற்றதைவிடப் புதுசாக இருந்தது. வாய்க்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மாதம் செய்தாள். பாவம் என்ற அந்த ஒற்றை வார்த்தை அவள் காதுக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜன்னல் கம்பிக்கான தகட்டை உரித்தவள், முன் கண்ணாடித் தூணில் தொடங்கி, கதவுக் கோட்டில் நிற்காமல், நறுக்காமல், வலப்பக்கம் முழுக்க ஒரே இழுப்பில் ஓட்டினாள், இடப்பக்கமும் அப்படியே ஓட்டினாள், பஞ்சுக் குச்சியை எடுக்காமல் கட்டைவிரலாலேயே அமுக்கித் தேய்த்தாள். இடப்பக்கப் பின்ஜன்னலில் ஒரு அரிசி அகலத்துக்கு வேலை பாக்கி இருக்கும்போது தகடு தீர்ந்துபோயிற்று. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அதே பதினொரு மணிக்குத் தங்கம் மகால் வாசலில் ஒரு கல்யாணத்துக்கு வந்து இறங்கப் போன குழந்தைவேலுவின் காரில் நாலு கதவும் திறக்கவில்லை.

முதலில் சாவியைக் குறை சொன்னார்கள், பிறகு பேட்டரியை. கல்யாண வீட்டுப் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள், கைப்பிடிதான் பிய்ந்து வந்தது. பட்டறையிலிருந்து கட்டர் வந்தது, காரின் மேல் ஒரு கீறலும் விழாமல் ஏழு சக்கரம் தேய்ந்து தீர்ந்தது. தீயணைப்புக்காரர்கள் கண்ணாடியை உடைக்க வந்து சம்மட்டிக் காம்பு முறிந்ததும் திரும்பிப் போனார்கள். கோயமுத்தூரிலிருந்து லேப்டாப்போடு ஓர் என்ஜினியர் வந்து, ஒயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் கணக்குப்படி நாலு கதவும் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார். பூசாரி எலுமிச்சம்பழம் வைத்தார், கார் முன்னால் நகர்ந்தபோது அது நசுங்கியது, அது நல்ல சகுனம் என்றார். இடப்பக்கப் பின்ஜன்னல் மட்டும் இரண்டு விரல் அளவுக்கு இறங்கி நின்றது, அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்ஜின் ஓடியது, ஏசி ஓடியது, ஸ்டியரிங் திரும்பியது. ஆகவே சாயந்திரம் ஆனதும் குழந்தைவேலு வேறு வழியில்லாமல் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார், போர்ட்டிகோவில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார்.

மூன்றே நாளில் ஊர் பழகிக்கொண்டது. தோசையைப் பாய் மாதிரி சுருட்டி அந்த இடுக்கு வழியாக நுழைத்தார்கள், ரசத்துக்கு டிரிப் ஏற்றுகிற டியூப் போட்டார்கள், இட்லி மட்டும் போகவில்லை என்பதால் அந்த வீட்டில் இட்லி நின்றது. சவரக்காரர் நீளக் காம்பில் கத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். மற்றக் காரியத்துக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது, அதைப் பற்றி ஊர் பேசிக்கொள்ளவில்லை. பஞ்சாயத்துக்கும் பாங்க்குக்கும் இழவு வீட்டுக்கும் அவர் காரிலேயே வந்தார், தெருக்கள் அகலமாக்கப்பட்டன, பாங்க் மேனேஜர் வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கினார். ஒரே ஒரு விஷயம்தான் ஊரை உறுத்தியது: பத்து வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடாத மனுஷர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறார், அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதற்கும் வழி கண்டார்கள். வெள்ளை யூனிஃபார்ம் போட்ட புது டிரைவர் ஒருவனை வேலைக்கு வைத்து, அவனைக் காருக்கு முன்னால் நடந்து போகச் சொன்னார்கள். கையை வளையமாகப் பிடித்துக்கொண்டு அவன் நடப்பான், பின்னால் கார் வரும். அவன்தான் ஓட்டுகிறான் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. "புது டிரைவர் தேவலைங்க, குழியில எறக்காம ஓட்டறான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

கோகிலவாணியிடம் விஷயத்தைக் கொண்டுவந்தவர் டிங்கர் ஜமால், காரை அறுக்கப் போய்த் தோற்றவர்களில் ஒருவர். போனில் எடுத்த படத்தை அவள் முன்னால் நீட்டினார்.

"அக்கா, இந்த ஜன்னல் கம்பியப் பாருங்க. முன்கதவுல இருந்து பின்கதவு வரைக்கும் ஒரே கம்பி. கோட்டுல கட் இல்ல. எந்தக் கம்பெனியும் இப்படிப் பண்ண மாட்டான். அப்புறம் இதைப் பாருங்க." படத்தைப் பெரிசாக்கினார். கம்பியின் மேல் வளைவளைவாக ரேகைகள் ஓடின, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன். "யாரோ ஒரு ராட்சசி கட்டைவிரலை வெச்சு அமுக்கின மாதிரி இருக்குதுக்கா."

கோகிலவாணி மேஜை மேலிருந்த சின்னக் காரை எடுத்துப் பார்த்தாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அதே வளைவு. தன் கட்டைவிரலையும் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தரம் ஒரு வேலை அளவு பிசகாமல் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மை டப்பாவோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. உங்க பெருவிரல் ரேகை ஒண்ணு வேணும். ஒரு ஃபார்மாலிட்டி."

"என் தங்கச்சி கேஸ்ல அந்த ஸ்டியரிங்ல ரேகை எடுத்தீங்களா?"

"அது வேற கேஸும்மா."

"அதே காருங்க."

இன்ஸ்பெக்டர் மை டப்பாவை மூடினார். "உங்க மேல எந்த செக்‌ஷன்ல போடறதுன்னே எனக்குத் தெரியலீங்க. பொம்மை செஞ்சா குத்தம்னு எங்கயும் எழுதல. அந்தக் கோட்டை வெட்டி விட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது."

"ஓட்டினது யாருன்னு அவர் வாயால சொல்லச் சொல்லுங்க. அந்த நிமிஷம் வெட்டறேன்."

வேறு யாராவது வெட்டிவிடலாமே என்று மேனேஜர் பிளேடு வாங்கிக்கொண்டு கிளம்பியபோது தடுத்தவரும் ஜமால்தான். இங்கே மயிரிழை பிசகினால் அங்கே ஒரு ஜாண் பிசகும், அய்யா முழங்கையை ஜன்னலில் வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் சொன்னதும் மேனேஜர் பிளேடைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்தச் சின்னக் காருக்கு ஊரே காவல். பூனை வராமல் அவள் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சில் பதித்தார்கள், பல்லி விழாமல் மேஜைக்கு மேலே வலை கட்டிக் கொடுத்தார்கள், காலையில் ஒருத்தர் மாலையில் ஒருத்தர் என்று வந்து, கார் நல்லா இருக்குதுங்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சுகந்தி செத்த பிறகு ஒரு நாள்கூட அந்த வாசற்படி ஏறாதவர்கள். அவள் ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்தாள், ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தாள்.

ஆவணியில் அறுபதாங் கல்யாணம் நடந்தது. காரை மண்டபத்துக்குள் ஏற்றி மணவறையில் நிறுத்தினார்கள். குழந்தைவேலுவின் மனைவி கண்ணாடியோடு கழுத்தை ஒட்டி நிற்க, அவர் பின்சீட்டுக்குப் புரண்டு போய், இடுக்கு வழியாக இரண்டு விரலை நீட்டித் தாலி கட்டினார். மூன்றாவது முடிச்சுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, நாதஸ்வரக்காரர் நிறுத்தாமல் ஊதி வாய் வீங்கிப் போனார். காரின் மேல் அட்சதை விழுந்தது. "தேர்ல இருக்கற சாமி மாதிரி இருக்குதுங்க" என்று பொன்னுசாமி சொன்னார், சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

ஆனால் சாமிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. கால் வீங்கியது. நாற்பத்தொன்றாம் நாள் காலை பொன்னுசாமி, அந்தப் பதினொரு பேரில் மிச்சப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு கோகிலவாணி வீட்டுக்கு வந்தார்.

"அம்மிணி, நடந்தது நடந்துபோச்சு. செத்தவ திரும்பி வரப் போறதில்ல. ஒரு உசுரு உள்ள கெடந்து தவிக்குது. உனக்கு மனசாட்சி இல்லியா கண்ணு?"

"நடந்தது நடந்துபோச்சுன்னா இதுவும் நடந்துபோச்சுன்னு விட்டுருங்க மாமா."

"அதெப்படி? இது கண்ணு முன்னால நடக்குதல்லோ!"

செருப்புக் கடை அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்போது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. கறுப்புக் கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, வெள்ளை யூனிஃபார்ம்காரன் வேர்த்து விறுவிறுத்து ஓரமாக ஒதுங்கினான்.

கோகிலவாணி சின்னக் காரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தகட்டுச் சுருள், பிளேடு, இரண்டையும் எடுத்துக்கொண்டாள். குழந்தைவேலு பின்பக்கம் சாய்ந்து, இடுக்கில் வாயை வைத்தார்.

"அம்மிணி, வெட்டி விடு. என்ன வேணும்னாலும் செய்யறேன்."

"யாருங்க ஓட்டுனது?"

"மாரப்பந்தான் ஓட்டுனான்."

"இப்ப யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?"

அவர் வெள்ளை யூனிஃபார்ம்காரனைப் பார்த்தார். "அவன்."

சொல்லிவிட்டு முன்னால் திரும்பியவரின் ஒரு கை தானாக ஸ்டியரிங்குக்குப் போயிற்று. மோதிர விரலில் அறுபதாங் கல்யாணத்து மோதிரம். கோகிலவாணிக்கு அந்த நிமிஷம் கோபம் உச்சியில் ஏறி நின்றது. அவள் பிளேடை உறையிலிருந்து உருவி, சின்னக் காரில் இடப்பக்க முன்கதவின் கோட்டில் ஒரே ஒரு வெட்டுப் போட்டாள். கறுப்புக் காரின் அந்தக் கதவு டப்பென்று விட்டுக்கொண்டது. நாற்பத்தொரு நாள் நாற்றம் தெருவில் இறங்கியது. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் கை தட்டியது. குழந்தைவேலு தடுமாறி அந்தப் பக்கம் புரள்வதற்குள் கோகிலவாணி ஏறி உட்கார்ந்து, கதவை அடித்துச் சாத்தி, மடியில் வைத்த சின்னக் காரின் கோட்டின் மேல் புதுத் தகட்டு நறுக்கு ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். கதவு மறுபடி சுவராயிற்று.

"என்ன அம்மிணி பண்ணறே?"

"வண்டியெடு. கோர்ட்டுக்குப் போ."

"நான் மாட்டேன்."

அவள் இன்னொரு நறுக்கை எடுத்து, பாக்கி இருந்த பின்ஜன்னல் இடுக்கின் மேல் பிடித்தாள். பின்னால் கண்ணாடி ஒரு நெல்மணி அளவு ஏறியது. "இதை ஒட்டுனா ரெண்டு பேருக்கும் காத்து இல்ல. எனக்கு வீட்டுல யாரும் காத்துக்கிட்டு இல்ல. உனக்கு?"

அவள் அவரை நீ என்று சொன்னது கண்ணாடிக்கு வெளியே கேட்டது. குழந்தைவேலு அவள் முகத்தைப் பார்த்தார், கியரைப் போட்டார்.

கோர்ட் எட்டு கிலோமீட்டர். முன்னால் நடக்க யாரும் இல்லாமல் கார் பைபாஸில் ஏறியது, பின்னாலேயே ஊர் இரண்டு பஸ்ஸிலும் முப்பது காரிலும் ஏறி வந்தது. அவர் அழகாக ஓட்டினார், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வளைவில் குலுங்கவில்லை, குழியில் இறங்கவில்லை. கள்ளிமேட்டில் ஒரு செவலை நாய் குறுக்கே வந்தபோது, பின்னால் பார்த்து, முன்னால் பார்த்து, மெத்தென்று நிறுத்தி, அது போகிறவரை காத்திருந்தார்.

"நாய்க்குப் பிரேக் போடத் தெரியுதில்ல?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஒன்றும் குறுக்கே வராத இடத்திலும் அவர் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினார்.

மாஜிஸ்திரேட் வட மாவட்டம் எதிலிருந்தோ மாற்றலாகி வந்த பெண், வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, இன்னார் இன்னார் என்று யாரையும் அவருக்குத் தெரியாது. வாசலில் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட சேவகர் வழக்கம்போல மூன்று தரம் குழந்தைவேலுவின் பெயரைக் கூவினார். குழந்தைவேலு ஆஜராகிவிட்டார், ஆனால் இறங்க முடியாது என்றபோது, சரி, நான் வருகிறேன் என்று அவர் படியிறங்கிப் புங்கமரத்தடிக்கு வந்தார். நாற்காலியும், டைப்படிக்கிறவரும், மேஜையும் பின்னாலேயே வந்தன. அவர் இடுக்கின் பக்கத்தில் காதைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

குழந்தைவேலு வக்கீலைத் தேடினார். வக்கீல் கூட்டத்தில்தான் இருந்தார், கார் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுசாமியைத் தேடினார். பொன்னுசாமி கோர்ட் கட்டடத்தின் ஓட்டுக் கூரையைப் பார்த்தார். தனக்காக இத்தனை மாதமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் இப்போது தன்னிடமிருந்தே கண்ணைத் திருப்பிக்கொள்வதை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். பக்கத்தில் ஒருத்திதான் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் ஓட்டுனேன்" என்றார். டைப் மெஷின் தட்டியது. "மாரப்பன் பின்னால இருந்தான். போன் கீழ விழுந்துச்சு, குனிஞ்சேன். நிமுந்தப்ப அந்தப் பொண்ணு என்னையப் பாத்துச்சு. அய்யோங்கல. ஒரு கையை நீட்டி, நில்லுங்கன்னு காட்டுச்சு." அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். "இருவது அடி தள்ளி நிறுத்துனேன். மாரப்பன், எறங்கலாமுங்கன்னான். அதுக்கு உசுரு இருந்துச்சு, கண்ணாடியில தெரிஞ்சுது. எடுத்துட்டுப் போயிட்டேன்."

உசிர் இருந்தது என்பது கோகிலவாணிக்கு அதுவரை தெரியாது. பிளேடு அவள் கையில் இருந்தது, அவர் கழுத்து ஒரு முழம் தள்ளி இருந்தது. டைப் மெஷின் அடித்து ஓயும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு விரலால் பேனாவைப் பிடித்து இடுக்கு வழியாகக் கையெழுத்துப் போட்ட பிறகு, பழைய பிளேடைப் போட்டுவிட்டுப் புது பிளேடு உருவி, நாலு கதவுக் கோட்டையும் நாலு பிளேடால் வெட்டினாள். கதவுகள் திறந்தன. குழந்தைவேலு காலைத் தரையில் ஊன்றினார், அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பிடிக்க யாரும் வரவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள்தான் வந்து தூக்கினார்கள்.

மாஜிஸ்திரேட் கூட்டத்தைப் பார்த்தார். "இதை வேற யாராச்சும் பார்த்தீங்களா?"

யாரும் அசையவில்லை. கோகிலவாணி காரைவிட்டு இறங்கி நின்றாள். மிச்சத் தகட்டுச் சுருள் கையில் இருந்தது. அவள் எதையும் நினைக்காமல், களைத்துப் போய், ஊர் வந்த பஸ்களைப் பார்த்தாள். பஸ் ஜன்னல்களைச் சுற்றியும் வெள்ளிக் கம்பி ஓடியது, வெயிலில் மின்னியது. அவள் பார்ப்பதைப் பஞ்சர் கடைக்காரர் பார்த்தார். மெதுவாகப் பின்னால் போய், பஸ் கதவைத் தொட்டு, திறக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். திறந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்து மேஜை முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் செருப்புக் கடை அம்மாள். அவளுக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நின்ற ஆறு பேர். வரிசை வளர்ந்தது, பதினொன்றையும் தாண்டிற்று, அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதவர்கள்கூட வந்து நின்றார்கள், அவர்களைப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"டீ ஆத்திக்கிட்டேதான் பாத்தேனுங்க" என்று பொன்னுசாமி சொன்னார். "நல்லாப் பாத்தேனுங்க."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"யாரும் இப்படிக் கேக்கலீங்களே."

கோகிலவாணி சிரித்தாள். சத்தமாக, அழகில்லாமல் சிரித்தாள், டைப்படிக்கிறவர் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கதவுக்குப் பயந்து சொன்ன சாட்சியும் சாட்சிதான், மாஜிஸ்திரேட் ஒன்றுவிடாமல் எழுதி வாங்கினார், மாரப்பனைக் கூட்டிவரச் சொல்லி அவன் சொன்ன பொய்க்குத் தனியாக ஒரு தாளும் போட்டார். அதெல்லாம் நடக்க வேண்டியதுதான், நடந்தது. ஆனால் அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் அடங்கவில்லை, இன்னும் தெளிவாயிற்று. அதுவரை ஒரு மனுஷன் மேல் இருந்தது இப்போது நீளமாக, தலை தலையாக நின்றது. அவள் சின்னக் காரைச் சான்றுப் பொருள் என்று மேஜை மேல் வைத்தாள். சேவகர் அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கட்டினார்.

"வா அம்மிணி, வண்டியில ஏறு, கொண்டுபோய் விடறோம்" என்று பொன்னுசாமி கூப்பிட்டார். முப்பது காரிலும் முன்சீட்டைக் காலி செய்து வைத்திருந்தார்கள்.

அவள் ஏறவில்லை. கோர்ட் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கி, ஓரத்துக்கு ஒதுங்காமல், நட்ட நடு ரோட்டில் கரட்டுப்பாளையத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். பின்னால் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது, கார்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக அவள் முதுகுக்குப் பத்தடி தள்ளி வந்து வேகம் குறைந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் எட்டு கிலோமீட்டர். வெயில் நெற்றிக்கு நேராக அடித்தது. இரண்டு பஸ்ஸும் முப்பது காரும் முதல் கியரில் உறுமிக்கொண்டு, ஒருத்தரும் ஒருத்தரை முந்தாமல், ஒருத்தரும் ஹாரனில் கை வைக்காமல், அவள் நடக்கிற வேகத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தன.